கடைசி நிமிடங்களும் முந்தைய நாட்களும்: போரில் மாளும் குடிமக்களுக்கு யார் பொறுப்பு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைச்செய்திகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



போரில் குடிமக்கள் கொல்லப்படும்போது அந்தப் பழியை நாடுகள் எப்படிச் சுமத்துகின்றன, எப்படி மறுக்கின்றன என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது ஒரு மாலையில் அடங்கும் பொருள் அல்ல. குண்டு விழுந்த மருத்துவமனைகளும் பள்ளிக்கூடங்களும் அகதி முகாம்களும் இதில் உண்டு. நான் ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: படைகளால் சுட்டு வீழ்த்தப்பட்ட பயணிகள் விமானங்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிராமத்தின் மீது குண்டு விழுந்தால், செத்தவர்கள் குடிமக்கள்தானா, அவர்களுக்குள் போராளிகள் ஒளிந்திருந்தார்களா என்ற வாதம் உடனே கிளம்பிவிடும். எத்தனை பேர் செத்தார்கள் என்பதே சண்டையாகும். பயணிகள் விமானத்தில் அந்த வாதங்களுக்கு இடமில்லை. யார் ஏறினார்கள் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. எந்த நொடியில் எங்கே பறந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. கைக்குழந்தைக்கும் ஒரு சீட்டு எண் அல்லது ஒரு பெயராவது இருக்கிறது. மறுப்பதற்கு இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்திலும் அரசுகள் பல்லாண்டுகள் வழக்காடுகின்றன என்றால், அவை எதைக் காப்பாற்ற வழக்காடுகின்றன என்பதை இங்கேதான் தெளிவாகப் பார்க்க முடியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "யார் சுட்டது" என்ற கேள்வி பெரும்பாலும் சில நாட்களிலோ சில ஆண்டுகளிலோ முடிந்துவிடுகிறது. அரசுகள் விடாமல் சண்டையிடுவது வேறொன்றுக்காக. கணக்கை எந்த நேரத்திலிருந்து தொடங்குவது என்பதே அந்தச் சண்டை. சுட்ட அரசு கணக்கைக் கடைசி நிமிடங்களிலிருந்து தொடங்கும்: ராடார் திரையில் ஒரு புள்ளி, பதற்றத்தில் ஓர் அதிகாரி, ஒரு தவறான முடிவு. செத்தவர்களின் வீட்டார் முந்தைய நாட்களிலிருந்து தொடங்குவார்கள்: அந்த ஆயுதம் அங்கே எப்படி வந்தது, அந்த வானம் ஏன் திறந்திருந்தது, யார் அனுமதித்தது? முதல் கணக்கில் ஒரு மனிதர் மாட்டுவார், அல்லது யாருமே மாட்டமாட்டார்கள். இரண்டாவது கணக்கில் அரசு மாட்டும்.

1. ஈரான் ஏர் 655

1988 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் போகும் விமானம் 27 நிமிடத் தாமதத்துக்குப் பிறகு காலை 10:17 மணிக்கு எழும்புகிறது. வளைகுடாவைக் கடக்க அரை மணி நேரம்கூட ஆகாத பயணம். 10:24 மணிக்கு, அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஏவிய இரண்டு ஏவுகணைகள் அதைத் தாக்குகின்றன. 290 பேரும் இறந்தார்கள். அவர்களில் 66 குழந்தைகள். பெரும்பாலோர் ஈரானியர், அமீரகத்தாரும் பாகிஸ்தானியரும் யூகோஸ்லாவியரும் இருந்தார்கள். பத்துப் பேர் இந்தியர்கள். இந்தப் பத்துப் பேரைப் பற்றி நம் ஊர்களில் பேச்சே எழுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அன்றே வாஷிங்டனில் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் அட்மிரல் வில்லியம் குரோ செய்தியாளர்களைச் சந்தித்தார். விமானம் வழக்கமான வான்பாதைக்கு வெளியே பறந்தது, உயரத்தைக் குறைத்துக்கொண்டே கப்பலை நோக்கி வேகமாக வந்தது, எச்சரித்தும் பதில் சொல்லவில்லை என்றார். அடுத்த மாதமே, ரியர் அட்மிரல் வில்லியம் ஃபோகார்ட்டி தலைமையில் நடந்த அமெரிக்க ராணுவத்தின் சொந்த விசாரணை இவற்றில் முக்கியமானவற்றைத் தகர்த்தது. விமானம் ஆம்பர் 59 என்ற வான்பாதைக்குள்தான் பறந்தது. உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனது. பயணிகள் விமானத்துக்குரிய அடையாளக் குறியீட்டைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பலின் ஏஜிஸ் கணினி இவற்றைச் சரியாகவே பதிவு செய்திருந்தது. எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ராணுவ அவசர அலைவரிசையில் விடுக்கப்பட்டவை. பயணிகள் விமானத்துக்கு அது கேட்காது. விமானி அந்நேரம் தரைக் கட்டுப்பாட்டு அறையுடன் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்கும் ஏற்பாடு கப்பலில் இல்லை.

கப்பலின் போர்க் கட்டுப்பாட்டு அறையை நினைத்துப் பாருங்கள். இருட்டான அறை. வெளியே ஈரானின் சிறு படகுகளுடன் சண்டை நடக்கிறது. பீரங்கி முழங்கும்போதெல்லாம் விளக்குகள் மினுக்குகின்றன. ஒரு மாலுமி பயணிகள் விமானங்களின் கால அட்டவணையைப் புரட்டி, இந்த நேரத்தில் ஏதாவது விமானம் இருக்கிறதா என்று தேடுகிறார். கப்பலின் கடிகாரத்தில் பஹ்ரைன் நேரம். அதற்கும் ஈரான் நேரத்துக்கும் அரை மணி வேறுபாடு. விமானமோ தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. அட்டவணையில் இருந்த 655 அவர் கண்ணில் படவில்லை. திரைக்கு முன்னிருந்தவர்கள் தாங்கள் எதிர்பார்த்ததையே கண்டார்கள்; ஏறும் விமானம் இறங்குவதாகக் குரல் எழுந்தது.

இந்தக் காட்சியைப் படிக்கும் எவருக்கும் அந்த மாலுமிகள் மேல் இரக்கம் வரும். எனக்கும் வருகிறது. ஆனால் இந்த இரக்கத்தைத்தான் அரசு பயன்படுத்திக்கொள்கிறது. நம்மை அந்த இருட்டறைக்குள் அழைத்துச் சென்று, அந்த ஏழு நிமிடங்களுக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. கப்பல் அன்று காலை எங்கே இருந்தது என்று கேட்க விடுவதில்லை.

கப்பல் ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்தது. படகுகளைத் துரத்திக்கொண்டு உள்ளே போயிருந்தது. சர்வதேசக் கடற்பரப்பில் இருந்ததாகவே உலகுக்குச் சொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1992இல், தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் அதே அட்மிரல் குரோ உண்மையை ஒப்புக்கொண்டார். அன்று அருகே இருந்த இன்னொரு அமெரிக்கக் கப்பலான சைட்ஸின் தலைவர் டேவிட் கார்ல்சன், வின்சென்ஸ் தேவையின்றிச் சண்டைக்குப் போனதாக 1989இல் கடற்படை இதழிலேயே எழுதினார். தன் சக அதிகாரியைப் பற்றி, பணியில் இருந்துகொண்டே, அச்சில் அப்படி எழுதுவது சாதாரணக் காரியம் அல்ல.

இன்னும் ஓராண்டு பின்னே போவோம். 1987 மே மாதம் அமெரிக்கக் கப்பல் ஸ்டார்க் மீது ஈராக்கிய விமானம் ஏவிய ஏவுகணைகளால் 37 மாலுமிகள் இறந்தனர். தற்காத்துக்கொள்ளத் தவறியதாக அதன் தலைவர் பதவி இழந்தார். அதன் பிறகு வளைகுடாவில் இருந்த கப்பல் தலைவர்களுக்கு, அடி விழும்வரை காத்திருக்க வேண்டாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன. அதே வான்வெளியில்தான் நாள்தோறும் பயணிகள் விமானங்கள் போய்வந்துகொண்டிருந்தன. "சுடத் தவறினால் தண்டனை" என்ற பாடத்தைக் கப்பல்களுக்குக் கற்பித்தவர்கள், பயணிகள் விமானங்களின் பேச்சைக் கேட்கும் வானொலிக் கருவியை அவற்றில் பொருத்தவில்லை. ஏழு நிமிடங்களுக்கு வெளியே இருப்பது இதுதான்.

2. பாதுகாப்புச் சபையில் நடந்தது

1988 ஜூலை 14 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஈரானின் வெளியுறவு அமைச்சர் அலி அக்பர் வெலாயதி குற்றம் சாட்டினார். அமெரிக்காவின் சார்பில் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் நேரில் வந்து பதில் சொன்னார். தற்காப்புக்காகக் கப்பல் தலைவர் சுட்டார், இது துயரம் என்றார். அதோடு, சண்டை நடக்கும் இடத்தின் மேலே விமானத்தைப் பறக்கவிட்ட ஈரானுக்கும் கணிசமான பொறுப்பு உண்டு என்றார்.

இந்தக் கடைசி வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 32 ஆண்டுகள் கழித்து அது வேறு உருவில் திரும்பி வரப்போகிறது.

ஜூலை 20ஆம் தேதி 616ஆவது தீர்மானம் நிறைவேறியது. ஆழ்ந்த வேதனை தெரிவித்தது, விசாரணை கோரியது, யாரையும் கண்டிக்கவில்லை. அதற்குள் ஈரான், ஈராக்குடனான எட்டாண்டுப் போரை நிறுத்தும் 598ஆவது தீர்மானத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. போர் முடியப்போகிறது என்ற நிம்மதியில் 290 பேரின் விவகாரம் பின்னுக்குப் போனது. அரசதந்திரத்தில் இது அடிக்கடி நடக்கும். பெரிய பேச்சுவார்த்தை ஒன்று மேசைக்கு வந்தவுடன், செத்தவர்களின் கோப்பு மேசையிலிருந்து எடுக்கப்பட்டுவிடும்.

3. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு

1983 செப்டம்பர் 1 அன்று கொரிய விமானம் 007, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோலுக்குப் போகையில் வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. சகாலின் தீவுக்கருகே சோவியத் போர்விமானம் அதைச் சுட்டது. 269 பேர் இறந்தனர். விமானம் பறந்து போய்விட்டது என்றே மாஸ்கோ முதலில் சொன்னது. சோவியத் விமானியின் குரல் பதிவை அமெரிக்கத் தூதர் ஜீன் கர்க்பாட்ரிக் பாதுகாப்புச் சபையிலேயே ஒலிக்கச் செய்தார். அதன் பிறகு ஒப்புக்கொண்ட மாஸ்கோ, அது உளவு விமானம் என்றது. கண்டனத் தீர்மானத்தைத் தன் மறுப்பு வாக்கால் வீழ்த்தியது.

அதிபர் ரீகன் அதைப் படுகொலை என்றும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றும் சொன்னார். ஐந்தாண்டுகள் கழித்துத் தம் கப்பல் 290 பேரைக் கொன்றபோது, மனிதத் துயரம் என்றும் முறையான தற்காப்பு நடவடிக்கை என்றும் சொன்னார். இரட்டை நாக்கு என்று இதைக் கடந்துபோவது எளிது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஒருவர் எதிரியின் செயலைப் பேசும்போது முந்தைய நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்: அந்த ஆட்சியின் இயல்பு, அதன் ராணுவத்தின் கொடுமை, அதன் பொய்ப் பழக்கம். தம் செயலுக்கு வரும்போது பார்வை சட்டென்று கடைசி நிமிடங்களுக்குச் சுருங்கிவிடுகிறது.

சோவியத் தரப்பிலும் முந்தைய நாட்கள் இருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் குரில் தீவுகளுக்கு மேலே பறந்துவிட்டுப் போயின. தடுக்கத் தவறிய சோவியத் வான்காப்பு அதிகாரிகள் கண்டிக்கப்பட்டார்கள். பின்னாளில் ஸ்டார்க் கப்பலின் தலைவர் கற்ற பாடத்தை அவர்கள் முன்பே கற்றார்கள். சகாலினில் இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு, விட்டுவிட்டால் வேலை போகும் என்பது தெரிந்திருந்தது.

விமானத்தின் கருப்புப் பெட்டிகளை சோவியத் மூழ்காளிகள் எடுத்துவிட்டார்கள். எடுத்த செய்தியை அரசு மறைத்தது. சோவியத் ஒன்றியமே கலைந்த பிறகு, யெல்ட்சின் ஆட்சியில்தான் அவை வெளிவந்தன. ஏறத்தாழப் பத்தாண்டுகள் 269 பேரின் குடும்பங்கள் ஊகங்களோடு வாழ்ந்தன.

இதன் விளைவாக ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1984 மே மாதம், சிகாகோ உடன்படிக்கையில் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது: பறக்கும் பயணிகள் விமானத்தின் மீது எந்த நாடும் ஆயுதம் பயன்படுத்தக் கூடாது. போதுமான நாடுகள் ஒப்புதல் தந்து அது நடைமுறைக்கு வர 1998 அக்டோபர் வரை ஆயிற்று.

4. உக்ரைன் விமானம் 752

இப்போது இந்தச் சொற்பொழிவின் மையத்துக்கு வருகிறேன்.

2020 ஜனவரி 3 அன்று அமெரிக்கா பாக்தாத்தில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியைக் கொன்றது. பழிவாங்கினால் ஈரானில் 52 இடங்களைத் தாக்குவோம் என்று அதிபர் டிரம்ப் எச்சரித்தார். 1979இல் பிணையாகப் பிடிக்கப்பட்டு இறுதிவரை வைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்களின் எண்ணிக்கை அது. ஜனவரி 6 அன்று ஈரான் அதிபர் ஹசன் ரூஹானி பதில் எழுதினார்: 52ஐச் சொல்கிறவர்கள் 290ஐயும் நினைவில் கொள்ளட்டும். 655 விமானத்தின் எண்ணையும் சேர்த்தே குறிப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 8 விடியலில், தெஹ்ரானிலிருந்து கீவ் நகருக்குக் கிளம்பிய உக்ரைன் சர்வதேச விமானம் 752ஐ ஈரானின் புரட்சிகரக் காவல் படை இரண்டு ஏவுகணைகளால் சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தனர். மிகப் பெரும்பாலோர் ஈரானியர்களோ ஈரானிய வம்சாவளியினரோதான். 138 பேர் கீவ் வழியாகக் கனடாவுக்குப் போக இருந்தவர்கள். விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பிய மாணவர்களும் ஆசிரியர்களும் புதுமணத் தம்பதியரும் அதில் இருந்தார்கள்.

290 என்ற எண்ணை மறக்கவே முடியாத ஒரு நாடு இது. ஆண்டுதோறும் ஜூலை 3இல் வளைகுடாக் கடலில் மலர் தூவி அஞ்சலி செய்யும் நாடு. கொன்றவர் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் மனப்பாடமாக வைத்திருந்த நாடு. அது என்ன செய்தது? மூன்று நாட்கள் மறுத்தது. இயந்திரக் கோளாறு என்றது. ஏவுகணை தாக்கியிருக்கவே முடியாது என்று விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் சொன்னார். விபத்து நடந்த இடத்தைப் புல்டோசர் கொண்டு வாரினார்கள். கனடாவும் பிறரும் உளவுத் தகவலை வெளியிட்ட பிறகு, ஜனவரி 11 அன்று, மனிதத் தவறால் நடந்தது என்று ஒப்புக்கொண்டது. தெஹ்ரான் பல்கலைக்கழக வாசல்களில் மாணவர்கள் திரண்டு தங்கள் அரசையே பொய்யர்கள் என்று முழங்கினார்கள். அந்த மாணவர்களின் துணிவை இங்கே மரியாதையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

ஈரானின் இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் வந்தது. ஏவுகணை வண்டியை இடம் மாற்றியபின் அதன் திசையைச் சரிசெய்யவில்லை, ராடார் நூறு பாகைக்கும் மேல் பிசகிப் பார்த்தது, இயக்கியவர் மேலிடத்தைத் தொடர்புகொள்ள முயன்றார், பதில் வரவில்லை, அனுமதியின்றிச் சுட்டுவிட்டார். 1988 அறிக்கையை அருகே வைத்துப் படித்தால் உடல் சிலிர்க்கிறது. அங்கே அரை மணி நேரப் பிசகு, இங்கே நூறு பாகைப் பிசகு. அங்கே இருட்டறை, இங்கே விடியல் இருட்டில் ஒரு வண்டி. இரண்டு அரசுகளும் ஒரே இடத்தில் கதையைத் தொடங்கி, ஒரே இடத்தில் முடிக்கின்றன.

குடும்பங்கள் கேட்டது இதுவல்ல. அன்று அதிகாலையில் ஈரான் ஈராக்கில் அமெரிக்கப் படைகள் இருந்த தளங்களின் மீது ஏவுகணைகளை வீசியிருந்தது. பதிலடி வரும் என்று எதிர்பார்த்துத்தான் வான்காப்பு அணிகளை விழிப்பில் நிறுத்தியிருந்தது. அப்படியிருக்க, தெஹ்ரான் வான்வெளியை ஏன் மூடவில்லை? சில மணி நேரம் முன்பே அமெரிக்கா தன் விமான நிறுவனங்களை ஈரான் வான்வெளிக்குப் போகத் தடை செய்துவிட்டது. ஈரானோ தன் தலைநகரிலிருந்து பயணிகள் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தது. மூடினால் தாக்குதல் திட்டம் வெளிப்பட்டுவிடும் என்பதா, பயணிகளைக் கேடயமாக வைத்தார்களா, வெறும் அசட்டையா? அறிக்கையில் இதற்கு நேர்மையான பதில் இல்லை. கனடாவின் தனி ஆய்வுக் குழு, திட்டமிட்ட கொலைக்குச் சான்று இல்லை என்றும், ஆனால் ஈரானின் குடிமை, ராணுவத் தலைமைகள் முழுப் பொறுப்பாளிகள் என்றும் முடிவு சொன்னது. 2023 ஏப்ரலில் தெஹ்ரான் நீதிமன்றம் பத்து ராணுவத்தினரைத் தண்டித்தது. அந்த அணியின் தலைவருக்கு 13 ஆண்டுச் சிறை. மேல்மட்டத் தலைமையில் யாரும் இல்லை.

சண்டை நடக்கும் இடத்தின் மேலே விமானத்தைப் பறக்கவிட்டதும் குற்றம் என்று 1988இல் புஷ் சொன்னாரே, அந்த வாதம் அன்று தப்பிக்கும் வழியாகச் சொல்லப்பட்டது. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. 2020இல் அதே வாதத்தை ஈரானியத் தாய்மார்கள் தங்கள் அரசிடம் கேட்டபோது அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு கேள்வியை யார் கேட்கிறார் என்பதைக் கொண்டு அதைத் தள்ளிவிடக் கூடாது என்று என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

5. பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989 மே மாதம் ஈரான் ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்கா மீது வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1996 பிப்ரவரியில், இருவரும் சமரசம் செய்துகொண்டனர். ஈரானியக் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர்: சம்பாதிப்பவர் இறந்திருந்தால் 3 லட்சம், மற்றவருக்கு ஒன்றரை லட்சம். பொறுப்பை ஏற்காமல், கருணைத் தொகையாகத் தரப்பட்டது. கப்பல் தலைவர் வில் ராஜர்ஸுக்கு 1990இல் அவரது பதவிக் காலப் பணிக்காக உயரிய விருது கொடுத்திருந்தார்கள். 2020 இறுதியில் ஈரானும் ஒருதலையாக ஓர் எண்ணை அறிவித்தது: தலைக்கு ஒன்றரை லட்சம் டாலர். பல குடும்பங்கள் அதைத் தொட மறுத்துவிட்டன.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பாதித்தவரை இழந்த வீட்டுக்கு அது வேண்டும். ஆனால் வழக்கு சமரசத்தில் முடியும்போது, கப்பல் அங்கே ஏன் இருந்தது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய மன்றம் கலைந்துவிடுகிறது.

6. வேறு மாதிரி கேட்ட ஒரு நீதிமன்றம்

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் போன மலேசிய விமானம் 17, கிழக்கு உக்ரைனுக்கு மேல் புக் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தனர். ரஷ்யா ஒன்றன்பின் ஒன்றாக மாறுபட்ட கதைகளைச் சொன்னது: உக்ரைனியப் போர்விமானம் சுட்டது என்றது, பிறகு உக்ரைனின் புக் என்றது. சர்வதேசத் தீர்ப்பாயம் அமைக்கும் முயற்சியை 2015 ஜூலையில் பாதுகாப்புச் சபையில் தடுத்தது.

நெதர்லாந்து இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்தது. முதலாவது, அதன் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை. அது ரஷ்யா, உக்ரைன் என்று பார்க்கவில்லை. வானம் ஏன் திறந்திருந்தது என்று கேட்டது. உக்ரைன் 32,000 அடிக்குக் கீழே மட்டும் மூடியிருந்தது. விமானம் 33,000 அடியில் பறந்தது. அன்று மட்டும் அந்தப் பகுதிக்கு மேலே 160 விமானங்கள் பறந்திருந்தன. முன்பே முழுமையாக மூடுவதற்கு உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று வாரியம் எழுதியது. பாதிக்கப்பட்ட நாடு, தனக்கு நட்பான நாட்டைப் பற்றி இப்படி எழுதியது. அரசுகளிடையே இந்த நேர்மையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, குற்ற வழக்கு. 2022 நவம்பர் 17 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் மூன்று பேருக்கு, அவர்கள் இல்லாமலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. நான்காமவர் விடுதலையானார். பொத்தானை அழுத்தியவர் இந்த மூவரில் இல்லை. அவர் யாரென்று நிறுவப்படவே இல்லை. ரஷ்யப் படையணியிலிருந்து வந்த அந்த ஏவுகணை வண்டியை வயல்வெளிக்குக் கொண்டுபோய் நிறுத்தியதிலும், சுட்டபின் திருப்பி அனுப்பியதிலும் பங்கிருந்தவர்கள் அவர்கள். ராணுவ விமானம் என்று தவறாக நினைத்துச் சுட்டிருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதனால் கொலைக்குற்றம் நீங்காது என்றது. கணக்கைக் கடைசி நிமிடத்திலிருந்து தொடங்க மறுத்த தீர்ப்பு இது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த மூவருக்கும் போர்வீரர்களுக்குரிய சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிமன்றம் கண்டதால்தான் இந்த முடிவு சாத்தியமாயிற்று. ஓர் அரசின் முறையான படைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அரசின் பொறுப்பைப் பற்றி 2025இல் இரண்டு முடிவுகள் வந்தன. மே மாதம் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கவுன்சிலும், ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவைப் பொறுப்பாளி என்று அறிவித்தன. நான் மேலே சொன்ன 1984ஆம் ஆண்டுப் பிரிவு, கொரிய விமானத்தின் 269 பேரால் பிறந்த பிரிவு, அந்தக் கவுன்சில் முடிவுக்கு அடிப்படையாக இருந்தது.

7. இன்னும் நடப்பவை

2024 டிசம்பர் 25 அன்று அஜர்பைஜான் விமானம் ஒன்று ரஷ்யாவின் குரோஸ்னி நகரில் இறங்க முயன்றபோது வான்காப்பு ஏவுகணையால் சிதைவுற்று, காஸ்பியன் கடலைக் கடந்து கஜகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 38 பேர் இறந்தார்கள். அதிபர் புதின் தொலைபேசியில், தம் நாட்டு வான்வெளியில் இத்துயரம் நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்; யார் சுட்டது என்று சொல்லவில்லை. மறுநாளே அஜர்பைஜான் அதிபர் அலியேவ், குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், தண்டிக்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். ரஷ்ய ஏவுகணைகள் விமானத்தருகே வெடித்ததை 2025 அக்டோபரில்தான் புதின் ஒப்புக்கொண்டார். டிரோன்கள் வந்துகொண்டிருந்த வானத்தில் பயணிகள் விமானத்தை ஏன் வரவிட்டார்கள் என்ற கேள்வி 38 பேரின் குடும்பங்களிடம் இன்னும் இருக்கிறது.

உக்ரைன் விமானம் 752இன் வழக்கு இப்போது ஹேகில் இருக்கிறது. கனடா, சுவீடன், உக்ரைன், பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளும் 2023 ஜூலையில் ஈரான் மீது வழக்குத் தொடுத்திருக்கின்றன. அவை அடிப்படையாகக் கொள்வது 1971ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை. பயணிகள் விமானத்தை அழிப்பது குற்றம் என்று அறிவித்து, அதைத் தடுக்கவும் தண்டிக்கவும் நாடுகளைக் கடமைப்படுத்தும் உடன்படிக்கை அது.

1989இல் ஈரான் அமெரிக்கா மீது வழக்குத் தொடுத்தபோது அடிப்படையாகக் கொண்டவற்றுள் இதே மான்ட்ரியல் உடன்படிக்கையும் ஒன்று. ஒரு நாட்டின் படைகள் செய்யும் செயலுக்கு அது பொருந்தாது என்று அமெரிக்கா ஆட்சேபித்தது. பொருந்தும் என்று ஈரான் வாதாடியது. சமரசம் வந்துவிட்டதால் நீதிமன்றம் அன்று அந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. ஈரானின் வழக்கறிஞர்கள் 1990இல் தாக்கல் செய்த மனு அந்த நீதிமன்றத்தின் வெளியீடுகளில் அச்சாகியிருக்கிறது. இங்கே சட்டம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். அந்த மனுவையும் 2023ஆம் ஆண்டு மனுவையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கப்பல் அங்கே ஏன் வந்தது என்று ஈரான் அன்று கேட்ட பத்திகளை முதலில் படியுங்கள். பிறகு, வானம் ஏன் திறந்திருந்தது என்று நான்கு நாடுகள் ஈரானிடம் கேட்பதைப் படியுங்கள். இந்த முறை சமரசத்தில் முடியாமல் தீர்ப்பு வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.